ஏட்டுச் சுரைக்காயும் அம்பத்தூர்ப் பட்டறையும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அப்பழமொழியை முதன்முதல் மொழிந்தவன் இன்று வந்து பார்ப்பானாயின் திகைத்து நிற்பான். ஏட்டுச் சுரைக்காய் இக்கால் விலைபோகின்றது. காப்புரிமைச் சான்றோடு விலைபோகின்றது. கறிக்கு ஆயிற்றா இல்லையா என்று பாராமலே ஆண்டுதோறும் அதற்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள்.

பல்கலைக்கழகங்களும் உயர்தொழிற் கல்வி நிறுவனங்களும் தம் ஆய்வறைகளிற் கண்ட புதுமைகளுக்குக் காப்புரிமை பெற்று, அவற்றைத் தொழில்முனைவோர்க்கு உரிமமாகக் கொடுத்து, அங்காடிக்குக் கொண்டுவரும் ஏற்பாட்டைத் 'தொழில்நுட்பப் பரிமாற்றம்' என்று அரசு ஏடுகள் குறிக்கின்றன. ஆங்கிலச் சொல்லின் நேர்பொருள் ஓரிடத்திருந்து மற்றோரிடத்துக்குப் பெயர்த்தல் என்பதே. தமிழாக்கியவர் யாரோ, அறிந்தோ அறியாமலோ, அதனினும் மேலானதொரு சொல்லைப் போட்டுவிட்டார். பரிமாற்றம் என்பது கொடுத்தலும் கொள்ளலும் ஆகிய இருவழிச் செயல். சொல் அவ்வாறிருக்க, செயல் எவ்வாறிருக்கின்றது என்பதை எனக்கு ஒரு மாணவர் காட்டினார்.

இருபத்தைந்து ஆண்டுகட்கு முன் என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்தவர் அவர். தொழிற்பயிற்சி முடித்து, பலரிடம் கைவேலை செய்து, இன்று அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பட்டரவாக்கம் தொடர்வண்டி நிலையத்தின் பக்கமாக ஒரு பட்டறை வைத்திருக்கிறார். கடைசற்பட்டறை என்று நான் சொன்னால் அவரே சிரிப்பார். அங்குள்ளோர்க்கு அது லேத்துப் பட்டறைதான். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். நீரேற்றிகளுக்கு வேண்டிய தண்டுகளையும் உறைகளையும் கடைந்து கொடுக்கிறார்கள். அத்தண்டுகள் விரைவில் தேயாமலிருக்க ஒரு மேற்பூச்சு முறையை ஓர் உயர்கல்வி நிறுவனத்தார் கண்டுபிடித்து உரிமம் கொடுக்கின்றனர் என்று கேள்வியுற்று, அங்கே போனார், பேசினார், இரண்டு இலக்க உருபா முன்தொகை கட்டினார், 23 பக்க ஆங்கில ஒப்பந்தத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டார். எந்நிறுவனம் என்பது ஈண்டு வேண்டா. அவர்கள் பொய் சொன்னவர்களும் அல்லர், ஏமாற்றியவர்களும் அல்லர். இதனை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செய்முறை காட்ட ஆய்வாளர் ஒருவர் மூன்று நாள் வந்தார். நல்ல பிள்ளை, தமிழ் அறியார். பூச்சு வேலையை ஏற்கவிருந்த தொழிலாளியோ தமிழன்றி வேறு அறியார். இருவர்க்கும் நடுவே என் மாணவர் தம் அரைகுறை ஆங்கிலத்தோடு நின்றார். ஆய்வறையில் ஆண்டுக்கணக்காகத் தேயாத பூச்சு, பட்டறையில் மார்கழி பிறந்ததும் உரிந்து உரிந்து விழுந்தது. மறுபடி அழைத்தபோது அந்த ஆய்வாளர் மேற்படிப்புக்கு வெளிநாடு சென்றுவிட்டிருந்தார். அடுத்த ஆண்டு ஒரு கடிதம் வந்தது. விற்றாலும் விற்காவிட்டாலும் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தின் 9ஆம் பக்கத்திற் கண்ட குறைந்தளவு உரிமைப்பங்கை உடனே கட்டுக என்பது அக்கடிதம். அதைத் தூக்கிக்கொண்டுதான் அவர் ஒரு ஞாயிறு காலை என் வீட்டுக்கு வந்தார்.

தமிழாசிரியனிடம் வந்து ஆங்கில ஒப்பந்தத்துக்குப் பொருள் கேட்கும் நிலையை எண்ணுங்கள்! வழக்குரைஞரிடம் போனால் அதற்கொரு தொகை ஆகுமே என்று அஞ்சி வந்திருக்கிறார். அகரமுதலியும் கையுமாக நான்கு ஞாயிறுகள் அமர்ந்தோம்.

மூன்றாம் ஞாயிறு அந்தத் தொழிலாளியும் உடன் வந்திருந்தார். பேச்சுவாக்கில் அவர் சொன்னது இது: "ஐயா, மார்கழி மாசம் காலையில கதவத் தொறந்ததும் தண்டு வேர்க்குது. தொட்டா ஈரம் ஒட்டுது. அது மேல பூசினா எப்பிடி நிக்கும்? வந்த தம்பிகிட்ட அன்னிக்கே சொன்னேன். அவருக்குப் புரியல."

இரவெல்லாம் குளிர்ந்த இரும்பின்மேல் காலையின் ஈரக்காற்றுப் பட்டால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும். குளிரூட்டிய ஆய்வறையில் இந்நிலை ஏற்பட வழியில்லை. ஆகலின் ஆய்வேட்டிலும் அதற்கு இடமில்லை. பூசுவதற்கு முன் தண்டுகளை அடுப்பில் வைத்து வெதுவெதுப்பாக்கிப் பூசிப் பார்த்தார்கள். பூச்சு நின்றது. இன்று வரை நிற்கிறது.

இனி ஒப்பந்தத்தின் 17ஆம் பக்கத்துக்கு வருக. உரிமம் பெற்றவர் அம்முறையில் செய்யும் எந்த மேம்பாடும் உரிமம் கொடுத்த நிறுவனத்தையே சாரும் என்று அங்கே எழுதியிருக்கிறது. அஃதாவது, அந்தத் தொழிலாளி தமிழில் சொன்ன அவ்வொரு சொற்றொடர், புரியாததென்று தள்ளப்பட்ட அதே சொற்றொடர், இன்று அந்நிறுவனத்தின் உடைமை. இத்தகைய கட்டளை உலகெங்கும் உரிம ஒப்பந்தங்களில் வழக்கமாக இடம்பெறுவதுதான் என்று பின்னர் அறிந்தேன். வழக்கம் என்பதனாலேயே ஒன்று நேர்மையாகிவிடுமா?

கண்ட அறிவு யார்க்கு உரியது என்னும் வழக்கு புதியதன்று. 1921-ல் கனடா நாட்டுத் தொரன்டோவில் இன்சுலினைக் கண்டனர். கண்டவர்கள் காப்புரிமையை 1923-ல் ஆளுக்கு ஒரு தாலர் பெற்றுக்கொண்டு தொரன்டோப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தனர். நீரிழிவாளனின் உயிர்மருந்து ஒருவர் கைப்பட்ட வணிகமாகக் கூடாது என்பது அவர்தம் கருத்து. அவ்வெண்ணம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1980-ல் அமெரிக்க நாடு பை–டோல் சட்டம் என ஒன்றை இயற்றியது. அரசுப் பணத்தில் நடந்த ஆய்வாயினும் அதன் காப்புரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொண்டு விற்கலாம் என்று அச்சட்டம் வழி திறந்தது. மரபணுக்களை வெட்டி ஒட்டும் முறைக்கு அதே ஆண்டிற் காப்புரிமை பெற்ற இசுட்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழகமும் கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் அது காலாவதியான 1997-க்குள் 25 கோடி தாலருக்கு மேல் ஈட்டின. அதன்பின் உலகின் பல்கலைக்கழகங்களெல்லாம் விற்பனை அலுவலகம் திறக்கத் தொடங்கியதில் வியப்பென்ன?

அந்த வேட்கை எதுவரை சென்றது என்பதற்கு நம் அடுக்களை மஞ்சளே சான்று. மஞ்சட்பொடி புண்ணாற்றும் என்னும் 'கண்டுபிடிப்புக்கு' மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்து மருத்துவ நடுவம் 1995-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டது. நம் பாட்டி எவரும் அதை ஆங்கிலத்தில் எழுதி வைக்கவில்லை, அதுதான் குற்றம். இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூற்சான்றுகளைத் திரட்டி வழக்காடிய பின்னரே 1997-ல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. அந்தப் பட்டறிவின் பின்னர் 2001 முதல் மரபறிவு மின்னூலகம் ஒன்று உருவாக்கப்பட்டது. அதில் நம் சித்த மருத்துவச் சுவடிகளின் செய்திகளும் ஆங்கிலம், பிரஞ்சு, செருமன், சப்பானியம், இசுபானியம் ஆகிய ஐந்து மொழிகளில் ஆக்கப்பட்டு அயல்நாட்டுக் காப்புரிமை அலுவலர் பார்க்குமாறு வைக்கப்பட்டுள்ளன. தமிழன் அறிவை அயலார் படிக்க ஐந்து மொழிகளில் பெயர்க்க இயன்ற அரசுக்கு, அயலார் அறிவைத் தமிழன் படிக்க ஒரு மொழியிற் பெயர்க்க இயலாமற் போனது ஏன்?

இந்திய ஒன்றியத்தில் ஆய்வுக்கும் தொழிலுக்கும் பாலமாக நாட்டு ஆய்வு வளர்ச்சிக் கழகம் 1953-லேயே ஏற்பட்டது. அமெரிக்கச் சட்டத்தைப் பின்பற்றி 2008-ல் மாநிலங்களவையில் ஒரு சட்ட வரைவு வந்தது. அது சட்டமாகாமலே போயிற்று. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. கல்வி நிறுவனங்கள் தம் போக்கிற் காப்புரிமைக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருக்கின்றன. 2021-ல் கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணம் 80 விழுக்காடு குறைக்கப்பட்டது. நாட்டுத் தரவரிசையிலோ காப்புரிமை எண்ணிக்கைக்கு மதிப்பெண் உண்டு. விளைவு யாது? 2022–23-ல் மாநிலங்களுள் காப்புரிமை விண்ணப்பத்தில் தமிழ்நாடே முதலிடம். மார்தட்டிக்கொள்ளலாம், ஆனால் தட்டுமுன் ஒரு கேள்வி: இவற்றுள் எத்துணை தரவரிசைக்காக எழுதப்பட்டவை, எத்துணை பட்டறைக்காக எழுதப்பட்டவை? பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் செல்லும்போது கல்லூரி வாயில்களிற் காப்புரிமை எண்ணிக்கையைப் பெருமையாக எழுதிய பதாகைகளைப் பார்க்கிறேன். அவற்றுள் ஒன்றேனும் எந்தப் பொருளாக எந்தக் கடையில் விற்கிறது என்று எழுதிய பதாகையை நான் இன்னும் கண்டதில்லை.

நன்றாக நடந்தவையும் உண்டு, மறைத்தல் முறையன்று. 1959-ல் தொடங்கிய சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அசோக் சுன்சுன்வாலாவும் உடனாசிரியர்களும் 1990-களில் கம்பியில்லாத் தொலைப்பேசி முறை ஒன்றை, கார்டெக்ட் என்ற பெயரில், தம் பழைய மாணவர் நடத்திய மிடாசு நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கினர். ஊர்ப்புறத்துக்குக் குறைந்த செலவில் தொலைப்பேசி தருவது அதன் நோக்கம். கைப்பேசி வெள்ளம் வந்து அதனை அடித்துச் சென்றதாயினும், ஆய்வறையிற் பிறந்தது நாட்டுத் தொழிலகங்களில் உருவாகும் என்பதை அது காட்டிற்று. 2010 முதல் தரமணியில் அக்கழகத்தின் ஆய்வுப் பூங்கா இயங்குகின்றது. அக்கழகத்து மாணவர் இருவர் 2013-ல் தொடங்கிய ஏதர் நிறுவனத்தின் மின் ஈருருளிகள் இன்று ஓசூரில் உருவாகின்றன. 2025-ல் அந்நிறுவனம் பங்குச்சந்தைக்கும் வந்துவிட்டது. நல்லதே. ஆயினும் ஒன்று நோக்குக. இங்கெல்லாம் அறிவைக் கண்டவரும் கொண்டவரும் ஒரே வளாகத்தில் ஒரே மொழியிற் படித்தவர். அங்கே மொழிபெயர்ப்புக்கு வேலையே இல்லை. தரமணிக்கும் பட்டரவாக்கத்துக்கும் இடையே தொலைவு இருபது கல் கூட இராது. ஆனால் அவ்வறிவு அங்கிருந்து இங்கு வந்து சேர்வதற்குள் எத்தனை வாயில்கள் அடைபடுகின்றன!

ஒரே ஊரில் இருந்தாலும் வாயில் தானே திறந்துவிடாது என்பதற்கு எங்கள் ஆவடி சான்று. அர்ச்சுன் என்னும், மக்கள் டாங்கி என்றழைக்கும், போர் ஊர்திக்கான திட்டம் 1974-ல் ஒப்பளிக்கப்பட்டது. ஆவடியின் போர் ஊர்தி ஆய்வு நிறுவனம் அதை வடிவமைத்தது. அதே ஆவடியின் திண்ணூர்தித் தொழிற்சாலை அதை உருவாக்கியது. தொழிற்சாலையில் உருவான முதல் ஊர்திகள் படையிடம் ஒப்படைக்கப்பட்டது 2004-ல். முப்பது ஆண்டுகள்! அதற்குப் பல கரணியங்கள் உண்டு. மொழி ஒன்றே என்று நான் சொல்லவில்லை. வரைபடத்திலிருந்து பொருளுக்கு வரும் வழி எத்துணை நெடியது என்று மட்டும் சொல்கிறேன். அரசின் முழுப் பணமும் பின்னின்ற வேலைக்கே அவ்வளவு நாளானால், ஆறு பேர் பட்டறை என்ன செய்யும்?

தமிழில் நடந்தால் இந்நெடுவழி எவ்வளவு சுருங்கும் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டா, தஞ்சைக்குப் போதும். 1960-களின் நடுவில் ஆடுதுறை நெல்லாய்வு நிலையம் ஆடுதுறை 27 என்னும் நெல்லை வெளியிட்டது. சப்பானிய வகை ஒன்றையும் கோவையிற் தேர்ந்தெடுத்த நம் வகை ஒன்றையும் கலந்து ஆக்கியது அது. குறுவைப் பட்டத்துக்கு ஏற்ற குறுகிய கால நெல். அதை எப்போது விதைப்பது, எப்போது நாற்றுப் பறிப்பது, எவ்வளவு உரமிடுவது என்பதையெல்லாம் திருச்சிராப்பள்ளி வானொலி தமிழில், உழவன் பேசும் தமிழில், நாள்தோறும் சொல்லிற்று. நெல் வயலெங்கும் பரவியது. அதன் ஆய்வறைப் பெயரை மக்கள் மறந்தனர். 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டு அழைத்தனர். (தனித்தமிழன்பர் பொறுத்தருள்க, மக்கள் வைத்த பெயரை மாற்ற எனக்கு உரிமையில்லை.)

அங்கே உரிம ஒப்பந்தம் இல்லை; முன்தொகை இல்லை; உரிமைப்பங்கு இல்லை. ஆய்வு, மக்கள் வரிப்பணத்தில் நடந்தது; ஆய்வின் பயன், மக்கள் மொழியில் மக்களுக்கே போயிற்று. அதனினும் முதன்மையானது ஒன்றுண்டு. உழவன் கேள்வி கேட்டான். நாற்று மஞ்சளடிக்கிறது, பூச்சி விழுகிறது என்று எழுதினான். ஆய்வு நிலையத்தார்க்கு அது புரிந்தது, மறுமொழி வந்தது. தண்டு வேர்க்கிறது என்று எங்கள் தொழிலாளி சொன்னது யார் காதிலும் விழாமற் போனதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

தொழில்நுட்பம் தமிழுக்குள் வராது என்போர் யாழ்ப்பாணத்து மானிப்பாயைக் கேட்டறியட்டும். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். உடலியல், அறுவை மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். தமிழர் அல்லாத ஒருவர்க்கு இயன்றது அது. இங்கே அண்ணா பல்கலைக்கழகத்தில் பொறியியலைத் தமிழ்வழியிற் கற்பிக்கும் வகுப்புகள் 2010-ல்தான் தொடங்கின. அதுவும் கட்டடவியல், எந்திரவியல் என இரண்டு பிரிவுகளில்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். காப்புரிமை என்பது அரசுக்கும் கண்டுபிடித்தவனுக்கும் இடையே ஒரு பண்டமாற்று. நீ கண்டதை மறைக்காமல், செய்து பார்க்குமாறு முழுமையாக எழுதி உலகுக்குச் சொல். அதற்கு மாறாக 20 ஆண்டு உனக்குத் தனியுரிமை தருகிறோம் என்பது அதன் சாரம். 1970ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டமே செய்முறையை முழுமையாக விளக்க வேண்டும் என்று கட்டளையிடுகின்றது. ஆக, கற்பித்தலே விலை, தனியுரிமையே சரக்கு. சரி, யார்க்குக் கற்பித்தல்? 2003ஆம் ஆண்டின் காப்புரிமை விதிகளில் 9ஆம் விதி, ஆவணங்கள் இந்தியில் அல்லது ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டும் என்கிறது. சென்னைக் கிண்டியில் காப்புரிமை அலுவலகம் இருக்கிறது. ஆனால் அங்கே தமிழில் ஒரு கண்டுபிடிப்பைப் பதிய வழியில்லை. அம்பத்தூர்க் கடைசலாளன் ஒருவன் புதுக்கருவி ஒன்றைச் செய்து, அதைத் தன் மொழியில் எழுதி எடுத்துச் சென்றால், தன் ஊர் அலுவலகத்தில் அவன் ஊமை. அவன் ஊரிலே அடுத்தவன் பதிந்த கண்டுபிடிப்பைப் படிக்கப் போனால், அங்கே அவன் குருடன். 20 ஆண்டு தனியுரிமைக்கு அவனும் கட்டுப்படுகிறான். ஆனால் அதற்கு விலையாகத் தரப்பட வேண்டிய கற்பித்தல் அவனுக்கு வந்து சேரவில்லை. இதைப் பண்டமாற்று என்பதா, பறிப்பு என்பதா?

'எல்லா மொழியிலும் ஏற்றுக்கொள்ள இயலுமா, ஐயா?' என்று கல்லூரிப் பேராசிரிய நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். இயலும் என்று பன்னாட்டு நடைமுறை காட்டுகிறது. பன்னாட்டுக் காப்புரிமை உடன்படிக்கையின்கீழ் விண்ணப்பங்கள் 10 மொழிகளில் வெளியிடப்படுகின்றன. அவற்றுள் கொரிய மொழியும் போர்த்துகீசியமும் 2009-ல்தான் சேர்ந்தன. கொரியம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஏறத்தாழ ஒரே அளவினர். இரண்டும் எட்டுக் கோடி அளவில். அவர்கள் எப்படிப் பெற்றனர்? தம் நாட்டில் தம் மொழியிற் பதிந்தனர். பதிந்து பதிந்து எண்ணிக்கை பெருகியது. பெருகிய எண்ணிக்கையை உலகம் தள்ள முடியவில்லை. சப்பானியன் தன் காப்புரிமையைச் சப்பானியத்தில் எழுதுகிறான். படிக்க வேண்டிய வெள்ளைக்காரன் ஆளமர்த்தி மொழிபெயர்த்துக்கொள்கிறான். நாமோ நம் ஊருக்குள்ளேயே ஆளமர்த்த வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 20 ஆண்டு முடிந்த காப்புரிமைகள் எவரும் நுழையத்தக்க புறம்போக்கு நிலம் போன்றவை. பூச்சு, வார்ப்பு, வெட்டுக்கருவி, நீரேற்றி பற்றிய எத்தனையோ முறைகள் அங்கே உரிமையாளரின்றிக் கிடக்கின்றன. ஒரு உருபா உரிமைப்பங்கும் கொடுக்காமல் எங்கள் தொழிற்பேட்டையார் எடுத்தாளலாம். எடுத்தாளாததன் கரணியம் வேலியன்று, மொழி. தமிழ்ப் பல்கலைக்கழகமும் அண்ணா பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆண்டுக்கு நூறு காப்புரிமைகளைத் தெரிந்தெடுத்துத் தமிழாக்கினால் என்ன கெட்டுவிடும்? பட்டம் பெறுவதற்கென்றே எழுதி அடுக்கி வைக்கும் ஆய்வேடுகளினும் அவை கறிக்கு உதவும்.

பங்கு என்ற சொல்லுக்கு வருவோம். பட்டறைத் தொழிலாளியின் மேம்பாட்டுக்கு நிறுவனம் பங்கு தரவேண்டும் என்று நான் சொன்னபோது, நடக்கிற செய்தியைப் பேசுங்கள் என்று அதே நண்பர் சொன்னார். நடந்த செய்தியையே சொல்கிறேன். பொதிகை மலைத்தொடரில் 1987-ல் ஆய்வாளர் சிலர் காணிக்காரர் துணையோடு காட்டில் அலைந்தபோது, அம்மக்கள் ஒரு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். அச்செடியைக் கொண்டு கேரளத்துப் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிறுவனம் 'சீவனி' என்னும் மருந்தை ஆக்கியது. 1995-ல் கோவை ஆரிய வைத்திய பார்மசி நிறுவனத்துக்கு 10 இலக்க உருபா உரிமத் தொகைக்கும், விற்பனையில் 2 விழுக்காட்டு உரிமைப்பங்குக்கும் அதைக் கொடுத்தது. அத்தொகையிற் சரிபாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. அதனைப் பெற 1997-ல் அவர்கள் பெயரில் ஓர் அறக்கட்டளையும் ஏற்பட்டது. அவ்வேற்பாட்டிலும் குறைகள் பல கூறப்பட்டன, மறுக்கவில்லை. ஆனால் எழுத்தறியா மலைமகன் வாய்மொழியாகச் சொன்ன அறிவுக்கும் ஒப்பந்தத்திற் பங்கு எழுத இயலும் என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது. காட்டில் இயன்றது தொழிற்பேட்டையில் இயலாதா?

தமிழ்நாட்டரசின் ஆட்சிமொழிச் சட்டம் 1956-ல் வந்தது. அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று தமிழ்நாட்டுச் சிறுதொழிலாளியோடு செய்துகொள்ளும் உரிம ஒப்பந்தம் தமிழிலும் இருக்க வேண்டும், வழக்கு வந்தால் தமிழ்ப்படியும் செல்ல வேண்டும் என்பதற்குப் புதுச் சட்டம் கூட வேண்டா. ஓர் அரசாணை போதும். செய்முறை காட்ட வருபவர் தமிழறிந்தவராக, அல்லது தமிழறிந்த ஒருவரோடு வருபவராக இருக்க வேண்டும் என்று அதே ஆணையில் ஒரு வரி சேர்க்கலாம். விற்பனையாகும் வரை குறைந்தளவுத் தொகை கேட்பதில்லை என்று இன்னொரு வரி. நடுவணரசின் நிறுவனங்களை அவ்வாணை கட்டுப்படுத்தாது. அவற்றை மக்கள்மன்ற உறுப்பினர்கள் கேட்கட்டும். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூவிருந்தவல்லிக்கும் வாக்குக் கேட்டு வருகிறார்களே, அப்போது கேட்போம்.

என் மாணவரின் செய்தி முடியவில்லை. நான்கு ஞாயிறுகளில் 23 பக்கத்தையும் தமிழாக்கினோம். மேம்பாட்டைத் திருப்பி எழுதிக் கொடுக்கும் கட்டளைக்குத் தமிழ்ச்சொல் ஒன்று வேண்டியிருந்தது. நான் 'மீளளிப்பு' என்றேன். தொழிலாளி ஏற்கவில்லை. "நாம வாங்கினதைத் திருப்பிக் குடுத்தா அது மீளளிப்பு. நம்மளுதையே குடுக்கிறதுக்கு அந்தப் பேரு எப்பிடிங்க பொருந்தும்?" என்றார். அவ்விடத்தை வெற்றிடமாகவே விட்டிருக்கிறோம். தக்க சொல் தோன்றும் அன்பர் எழுதுக.

வெதுவெதுப்பாக்கிப் பூசும் முறையை நாள், திங்கள் குறித்து, படம் வரைந்து, கண்டவர் இன்னார் என்று அத்தொழிலாளியின் பெயரோடு தமிழில் எழுதி, குறைந்தளவுத் தொகையைத் தள்ளுமாறும் மேம்பாட்டிற் பங்கு தருமாறும் கேட்டு, மூவரும் கையெழுத்திட்டு, அந்நிறுவனத்துக்குப் பதிவஞ்சலில் விடுத்தோம். பத்து நாளில் மறுமொழி வந்தது. மடலின் ஆங்கில ஆக்கத்தை இணைத்து மீண்டும் விடுக்க என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். இணைக்கவில்லை. அதே தமிழ் மடலை இரண்டாம் முறையும் விடுத்திருக்கிறோம்.